பனிக்கு அடியில் ஒரு 'பீப்': காணாமல் போன தோழரைத் தேடும் கருவியின் கதை

1/
பனியையே பார்க்காத கலவை, ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் மக்களுக்குப் பனிச்சரிவைப் பற்றி ஒரு டாக்டர் எதுக்குங்க எழுதணும்?

நியாயமான கேள்விதான். ஆனா நம்ம பக்கத்துல ராணுவத்துக்குப் பிள்ளை அனுப்பாத ஊர் எத்தனை இருக்கு, சொல்லுங்க பார்ப்போம். வேலூர் பக்கத்துல கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே இன்னொரு பெயர் உண்டு. வெயிலுக்குப் பேர் போன ஊர்ப் பிள்ளைகள்தான் சியாச்சினில் காவல் நிற்கிறார்கள்.

கொஞ்சம் நீளமான த்ரெட். கடைசி வரை படிங்க. கடைசியில் நம்ம ஊருக்கே தேவையான ஒரு விஷயம் இருக்கு.

2/
2016 பிப்ரவரி 3, அதிகாலை. சியாச்சின் பனிமலையில் சோனம் என்ற காவல் நிலை. உயரம் 19,600 அடி. அங்கே 19ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேர் இருந்தார்கள்.

பெரிய பனிச்சுவர் ஒன்று சரிந்து, கூடாரங்களோடு அத்தனை பேரையும் மூடிவிட்டது.

அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து தலா ஒருவர். நான்காமவர் ஹவில்தார் ஏழுமலை. வேலூர் மாவட்டம் துக்கம்பாறை. நம்ம மண்ணின் பிள்ளை.

3/
மறுநாளே, யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று முடிவாகி இரங்கல் செய்திகள் வந்துவிட்டன. ஆனாலும் தோண்டுவதை நிறுத்தவில்லை. 150க்கும் மேற்பட்ட வீரர்கள், பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள், தரைக்கு அடியில் பார்க்கும் ரேடார்கள், டாட், மிஷா என்ற மோப்ப நாய்கள்.

அங்கே விழுந்து கிடந்தது பஞ்சு மாதிரிப் பனி இல்லைங்க. கான்கிரீட் மாதிரி இறுகிப்போன நீலப் பனிக்கட்டி. அதை அறுத்துத்தான் எடுக்கணும்.

பிப்ரவரி 8 மாலை, சுமார் 25 அடி ஆழத்தில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பாட் உயிரோடு கிடைத்தார். கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்துக்காரர். புதைந்து ஆறாவது நாள்!

4/
டாக்டராக எனக்கு இது இன்றும் வியப்புதான்.

டெல்லி ராணுவ மருத்துவமனையின் அறிக்கையைப் பாருங்க: நினைவில்லை, உடலில் நீர் வற்றியிருந்தது, உடல் வெப்பம் குறைந்திருந்தது, ரத்தத்தில் ஆக்சிஜனும் சர்க்கரையும் குறைந்திருந்தன, ரத்த அழுத்தம் மிகத் தாழ்வு, நிமோனியா, கல்லீரலும் சிறுநீரகமும் பாதிப்பு. ஆனால் எலும்பு முறிவு இல்லை. பனிக்கடிப் புண்ணும் இல்லை. கூடாரத்துக்குள் காற்று தங்கியிருந்த இடைவெளிதான் அவரைக் காத்தது என்று சொன்னார்கள்.

குளிர்ந்த உடலைச் சூடேற்றும்போதுதான் அடுத்த ஆபத்து. இத்தனை நாள் ரத்த ஓட்டம் சுருங்கிக் கிடந்த பாகங்களுக்கு மறுபடி ரத்தம் பாயும். அங்கே சேர்ந்திருந்த கழிவுகள் உடல் முழுக்கப் பரவும். இதயம் தடுமாறும். டாக்டர்கள் இதை அன்றே எச்சரித்தார்கள்.

பிப்ரவரி 11, காலை 11.45. ஹனுமந்தப்பா நம்மை விட்டுப் போனார். மற்ற ஒன்பது பேரின் உடல்கள் மட்டுமே கிடைத்தன.

5/
இங்கே ஒரு கேள்வி வரும். "புதைந்தவர் எங்கே இருக்கார் என்று உடனே காட்டுகிற கருவி கிடையாதா டாக்டர்?"

இருக்கு. ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கு. அதன் கதை சுவாரஸ்யமானது.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இடுப்பில் நீளமான சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஒரு முனை வெளியே தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு தோண்டலாம் என்ற நம்பிக்கை. பல நேரம் கயிறும் சேர்ந்தே புதைந்தது. அதை விட்டால் மோப்ப நாய், அதுவும் இல்லையென்றால் வரிசையாக நின்று கம்பியால் குத்திக் குத்திப் பார்ப்பது.

6/
1968. அமெரிக்காவின் பஃபலோ நகரில் கார்னெல் ஏரோநாட்டிகல் லேபரட்டரி. அங்கே ஜான் லாட்டன் என்ற பொறியாளர் ஒரு எளிய யோசனையைப் பிடித்தார்.

மலைக்குப் போகும் ஒவ்வொருவர் உடலிலும் ஒரு சின்ன ரேடியோ. கிளம்பும்போதே ஆன் செய்துவிட வேண்டும். அது விடாமல் 'பீப்... பீப்...' என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். பனி சரிந்து ஒருவர் புதைந்துவிட்டால், வெளியே தப்பியவர்கள் தங்கள் கருவியை 'அனுப்பு' என்பதில் இருந்து 'கேள்' என்பதற்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான். எல்லோரிடமும் ஒரே கருவி. தேடப்படுபவரும் அதைத்தான் வைத்திருக்கிறார், தேடுபவரும் அதைத்தான் வைத்திருக்கிறார்.

1971ல் அது விற்பனைக்கு வந்தது. பெயர் 'ஸ்காடி'. நார்ஸ் புராணத்தில் வரும் மலைத் தேவதையின் பெயர்.

7/
ஸ்காடியின் அதிர்வெண் 2.275 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே இருக்கும் அளவு. அதனால் பிடித்த சமிக்ஞையைப் பெருக்கி நேராக இயர்ஃபோனுக்கு அனுப்பினால் போதும். சிக்கல் இல்லாத வடிவமைப்பு.

ஐரோப்பியர்கள் 457 கிலோஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் தூரம் கூடுதலாகக் கிடைத்தது.

விளைவு என்ன? அமெரிக்கக் கருவி வைத்திருப்பவர் புதைந்தால் ஐரோப்பியக் கருவிக்குக் கேட்காது. ஒரே மலை, ஒரே குழு, இருவர் கையிலும் நல்ல கருவி. ஆனா ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது! இரண்டு அதிர்வெண்ணிலும் வேலை செய்யும் கருவிகளைக்கூட இடையில் விற்றார்கள்.

1986ல் சர்வதேச மலை மீட்பு அமைப்பான இகார் 457ஐ ஏற்றது. அமெரிக்கத் தர அமைப்பு அதற்கு வந்து சேர 1996 ஆனது. உயிர் காக்கும் விஷயத்தில் ஒரு எண்ணை ஒத்துக்கொள்ள இத்தனை வருஷம்.

8/
அப்போதும் தேடுவது சுலபமாக இல்லை. 'பீப்' சத்தம் கூடுதா குறையுதா என்று காதால் கேட்டு, குறுக்கும் நெடுக்குமாக நடந்து கண்டுபிடிக்கணும். பதற்றத்தில், கை நடுங்க, தோழரின் உயிர் ஊசலாடும்போது!

பள்ளியில் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் தூவிப் பார்த்தது நினைவிருக்கா? கோடு கோடாக வளைந்து நிற்குமே, அதே மாதிரிதான் இந்தக் கருவியைச் சுற்றியுள்ள புலமும். அதைப் பின்தொடர்ந்தால் நேர்க்கோட்டில் போக மாட்டோம், வளைந்து வளைந்துதான் போய்ச் சேருவோம்.

1997ல் பேக்கன்ட்ரி ஆக்செஸ் என்ற நிறுவனம் 'ட்ராக்கர்' என்ற டிஜிட்டல் கருவியைக் கொண்டு வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனா. திசையும் தூரமும் விளக்கிலும் எண்ணிலும் தெரியும். பிறகு மூன்று ஆன்டெனா கருவிகள் வந்தன. காது செய்த வேலையைக் கண் செய்ய ஆரம்பித்தது.

9/
இதில் ஒரு டாக்டருக்கு என்ன அக்கறை? நேரம்.

1994ல் நேச்சர் இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 1991 வரை பனியில் புதைந்த 422 பேரின் கணக்கு. 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு 92 சதவீதம். 35 நிமிடம் ஆனால் வெறும் 30 சதவீதம்.

திரும்பப் படிங்க. இருபது நிமிட இடைவெளியில் 92 எங்கே, 30 எங்கே!

காரணம் குளிர் இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். குளிர் கொல்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். முதலில் கொல்வது மூச்சுத்திணறல். விட்ட மூச்சையே திரும்ப இழுப்பதால் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. மூச்சின் ஈரம் முகத்துக்கு எதிரே பனியில் உறைந்து, காற்று புகாத முகமூடி மாதிரி ஆகிவிடுகிறது.

10/
ஹெலிகாப்டர் 15 நிமிடத்தில் வருமா? எவ்வளவு பணக்கார நாடாக இருந்தாலும் பெரும்பாலும் வராது.

அதனால்தான் இந்தக் கருவி மீட்புப் படைக்காகச் செய்யப்படவில்லை. கூட வந்த தோழருக்காகச் செய்யப்பட்டது. மாரடைப்பில் ஆம்புலன்ஸ் வரும் வரை பக்கத்தில் இருப்பவர் நெஞ்சை அழுத்துவது எப்படியோ, அப்படி.

கருவி மட்டும் போதாது. மலைக்காரர்கள் மூன்று பொருளைச் சேர்த்தே சொல்வார்கள்: பீக்கன், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, பனி வாரும் மண்வெட்டி. சரிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை இருக்கும். கையால் பிராண்ட முடியாது. பீக்கன் 'எங்கே' என்று சொல்லும். வெளியே எடுப்பது மண்வெட்டியும் முதுகெலும்பும்தான்.

11/
"ஃபோன்ல ஜிபிஎஸ் இருக்கே, அது போதாதா?" என்று கேட்பீர்கள்.

போதாது. ஜிபிஎஸ் சில மீட்டர் தவறு காட்டும். தெருவில் ஆட்டோ பிடிக்க அது பரவாயில்லை. பனியில் இரண்டு மீட்டர் தள்ளித் தோண்டினால் ஆள் போய்விடுவார். சிக்னலே இல்லாத இடத்தில் ஃபோன் யாரிடம் சொல்லும்? அதைவிட, ஃபோனே பீக்கனைக் குழப்பும். அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்.

நம் ராணுவத்திலும் 'அவலாஞ்ச் விக்டிம் டிடெக்டர்' என்ற பெயரில் இந்த வகைக் கருவி உண்டு. ஆனால் சோனத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்க. 25 அடி ஆழம், கல் மாதிரிப் பனிக்கட்டி, 19,600 அடி உயரத்தில் பத்து முறை மண்வெட்டியை வீசினாலே மூச்சு முட்டும். அங்கே இடம் தெரிந்தால்கூடப் போய்ச் சேர நாள் கணக்காகும். எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு.

12/
பனியை விட்டுக் கொஞ்சம் கடலுக்கு வாங்க. அங்கேயும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது.

1972 அக்டோபர் 16. இரண்டு அமெரிக்க எம்.பி.க்களோடு அலாஸ்காவில் ஒரு சின்ன விமானம் மறைந்தது. 39 நாள் தேடினார்கள். இன்று வரை கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் அங்கே விமானங்களில் அவசர சமிக்ஞைக் கருவி கட்டாயமானது.

ஆனால் கருவி கத்தினால் போதுமா, கேட்க ஆள் வேண்டாமா? வானத்தில் இருந்து கேட்கலாம் என்று 1979ல் நான்கு நாடுகள் கை கோத்தன. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம்! 1982 ஜூனில் சோவியத் செயற்கைக்கோள் மேலே போனது. அதே செப்டம்பரில் கனடா மலைக்காட்டில் விழுந்த சிறு விமானத்தின் சமிக்ஞையை அது பிடித்துக் கொடுத்தது. மூன்று பேர் மீட்கப்பட்டார்கள். ஏவுகணைகளை நேருக்கு நேர் நிறுத்தி வைத்திருந்த நாடுகள், காணாமல் போனவரைத் தேடுவதில் மட்டும் சண்டை போடவில்லை.

இன்று இந்தியாவும் அந்த கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்பில் உண்டு. பெங்களூரிலும் லக்னோவிலும் இஸ்ரோவின் தரை நிலையங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

13/
2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல். கரையில் கன்னியாகுமரித் தாய்மார்கள் காத்துக்கிடந்த காட்சியை யாரும் மறக்க முடியாது. ஆழ்கடலில் போன படகு எங்கே இருக்கு என்றே தெரியாத கொடுமை அது.

மீனவர்களுக்கு இஸ்ரோ 2010லேயே ஓர் ஆபத்து அறிவிப்புக் கருவி கொடுக்கத் தொடங்கியிருந்தது. அதில் ஒரு குறை. பொத்தானை அழுத்தலாம், செய்தி போகும். ஆனால் போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது.

2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் அது சரிசெய்யப்பட்டது. கரையில் இருந்து 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று பதில் வரும். ஃபோனோடு இணைத்தால் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

இது சின்ன வசதி இல்லைங்க. தன்னை யாரோ தேடி வருகிறார்கள் என்று தெரிந்தவர் தண்ணீரைச் சிக்கனமாகக் குடிப்பார், படகை விட்டுக் குதிக்க மாட்டார், இன்னும் ஒரு இரவு தாக்குப்பிடிப்பார்.

14/
இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சொன்னேனே, அந்த விஷயம்.

2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட். தோல் கழிவைச் சேர்த்து வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து, சேறு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

சோனத்திலும் பத்து. ராணிப்பேட்டையிலும் பத்து. இரண்டுக்கும் இடையே ஒரு வருஷமும் சில நாளும். அங்கே பனி, இங்கே சேறு. இரண்டிலும் தூங்கும் இடத்துக்கு மேலே ஆபத்து நின்றது.

அந்த அதிகாலையில் எந்த பீக்கனும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. தொட்டிக்குப் பக்கத்தில் ஆளைத் தூங்க வைக்காமல் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும்.

15/
நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் இன்னொரு சாவு, தொட்டிச் சாவு. டேனரிக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்குவார். மயங்கி விழுவார். "அய்யோ" என்று தோழர் குதிப்பார். அவரும் விழுவார். அடுத்து மூன்றாமவர். இந்தச் செய்தியை நீங்களே பலமுறை படித்திருப்பீர்கள்.

கொல்வது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. தோலில் முடி நீக்கப் போடும் சல்ஃபைடும், பிறகு வரும் அமிலக் கழிவும் ஒன்று சேர்ந்தால் இது கிளம்பும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நொடிதான் எமன் நிற்கும் நொடி. இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

1986ல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஓர் எச்சரிக்கை விட்டது. இப்படி மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், காப்பாற்றப் போனவர்கள்!

16/
இந்த வித்தியாசத்தை மனசில் பதிய வைங்க.

பனியில் தோழர்தான் முதல் மருத்துவர். யாருக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே தேடணும், தோண்டணும்.

விஷவாயுத் தொட்டியில் அதே பாசம் உங்களையும் கொல்லும். இறங்கவே கூடாது. மேலே இருந்தே கயிற்றால் தூக்கணும். அதற்கு, இறங்குபவர் இடுப்பில் பெல்ட்டும் கயிறும் முன்னாடியே கட்டியிருக்கணும். வாயு அளக்கும் மீட்டரை முதலில் இறக்கிப் பார்த்திருக்கணும்.

யோசிச்சுப் பாருங்க, ஜான் லாட்டன் செய்ததும் இதைத்தானே? ஆபத்து வந்த பிறகு தேடாமல், கிளம்பும்போதே கருவியை ஆன் செய்து உடம்பில் கட்டச் சொன்னார். புதைந்த பிறகு யாராலும் பீக்கன் மாட்ட முடியாது. விழுந்த பிறகு யாராலும் பெல்ட் கட்ட முடியாது.

17/
ஆகவே,

தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன்களே, தம்பிகளே: மீட்டரும் பெல்ட்டும் இல்லாமல் தொட்டியில் இறங்கச் சொன்னால் மறுங்க. கூட வேலை பார்ப்பவர் விழுந்தால் குதிக்காதீங்க. 101, 108க்குப் போன் போடுங்க. "விஷவாயு" என்ற வார்த்தையைச் சொல்லுங்க. அப்போதுதான் மூச்சுக்கருவியோடு வருவார்கள்.

முதலாளிமார்களே: ஒரு மீட்டரும் ஒரு பெல்ட்டும் வாங்குகிற செலவை ஒரு குடும்பத்தின் கண்ணீரோடு வைத்துப் பாருங்கள்.

பர்வதமலை, ஜவ்வாது மலை ஏறும் பிள்ளைகளே: எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்க. கூட்டத்தில் கடைசி ஆள் யார் என்று முடிவு செய்யுங்க. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 உயிர் போனதை மறக்காதீங்க. அவசரத்துக்கு 112. கடலில் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554.

ராணுவத்தில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரே: துக்கம்பாறை ஏழுமலையையும் அவரோடு போன ஒன்பது பேரையும் இன்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.

இந்தப் பதிவில் வேறு எதையும் பகிரத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. பதினைந்தையும் பதினாறையும் மட்டும் உங்கள் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.